தீ அணைந்து பத்து நாள் கழித்து

தீக்காயப் பிரிவின் வாசலில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்துச்சு டாக்டர், திடீர்னு எப்படி?" அடுப்பில் சேலை பற்றியவராக இருக்கலாம், கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவுக்குள் விழுந்த பிள்ளையாக இருக்கலாம், நாச்சியார்கோயில் பட்டறையில் உருக்கிய பித்தளை மேலே சிந்தியவராக இருக்கலாம். சேர்த்த அன்று பேசுகிறார்கள், ஆளை அடையாளம் சொல்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள். நாலு நாள் தாண்டியதும் கூட இருப்பவர்களுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஒருத்தர் மட்டும் துணைக்கு இருக்க, மற்றவர்கள் வயலைப் பார்க்க ஊருக்குத் திரும்புகிறார்கள். ஒன்பதாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ போன் வருகிறது, "செப்டிக் ஆயிடுச்சு" என்று. கிருமித் தொற்று முழு உடம்பையும் பாதித்து உறுப்புகளைக் கெடுக்கும் நிலை அது, மருத்துவர்கள் செப்சிஸ் என்பார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் பேச்சு இரண்டாகப் பிரியும். ஆஸ்பத்திரியில் சரியாகக் கவனிக்கவில்லை என்பார்கள் ஒரு சாரார். விதி என்பார்கள் இன்னொரு சாரார். கவனிப்பில் குறை இருக்கவே இருக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நன்றாகக் கவனித்த இடத்திலும் இரண்டாவது வாரம்தான் ஆபத்தான வாரம். தீ தோலை எரித்துவிட்டு நின்றுவிடுவதில்லை; உடம்பின் நோய் எதிர்ப்பு ஏற்பாட்டையே கலைத்துப் போட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கலைப்பு முழுதாக வெளியே தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

முதல் நாள் நன்றாகப் பேசுவதற்கே ஒரு காரணம் உண்டு. தோலின் முழு ஆழத்துக்கும் வெந்துபோன இடத்தில் வலியை உணரும் நரம்பு முனைகளும் சேர்ந்தே எரிந்துவிடுகின்றன. மேலோட்டமாகச் சுட்டுக்கொண்டவர் துடிப்பார், ஆழமாக வெந்தவர் அந்த அளவுக்குத் துடிக்க மாட்டார். மூளைக்கு அடி இல்லாததால் நினைவும் தெளிவாக இருக்கும். ஆகவே பேச்சை வைத்துக் காயத்தின் கடுமையை அளக்க முடியாது.

அளப்பதற்கு வேறு வழி இருக்கிறது. காயம்பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பின் பரப்பில் சுமார் 1 சதவீதம். பெரியவர்களுக்கு ஒரு கை முழுவதும் 9 சதவீதம், ஒரு கால் 18, முன்புறம் மார்பும் வயிறும் சேர்ந்து 18. வெந்த பரப்பு ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டினால் விஷயம் தோலோடு நிற்காது. முழு உடம்பின் நோயாக மாறிவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைந்த பரப்பே போதும்.

எல்லைக் காவல் போனதும்

வளர்ந்த ஒருவருக்குத் தோலின் பரப்பு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை. அதைச் சும்மா ஒரு போர்வை என்றுதான் நினைக்கிறோம். மேலே இருப்பது செத்த செல்களின் காய்ந்த அடுக்கு. ஈரம் இல்லாத இடத்தில் கிருமி எளிதில் பெருகாது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தோலைக் கொஞ்சம் அமிலமாக வைத்திருக்கின்றன. கிருமிகளைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்களைத் தோல் செல்களே சுரக்கின்றன. இவற்றுக்கு இடையே கிளை விரித்த வடிவில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1868-இல் இவற்றைப் பார்த்து நரம்பு செல் என்று எண்ணிவிட்டார். இவை உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டும் காவல் செல்கள் என்பது தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ஆழமான தீக்காயத்தில் இத்தனையும் ஒரே நிமிடத்தில் போய்விடுகிறது. அந்த இடத்தில் மிஞ்சுவது வெந்த புரதம். மருத்துவமனையில் எஸ்கார் என்பார்கள். தோல் போலவே ஒட்டிக்கொண்டிருக்கும், கறுத்தோ வெளுத்தோ, தொட்டால் தோல்பை போல விறைப்பாக. கிருமிக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. அதைவிட முக்கியம், அதற்குள் ரத்தக் குழாய் எதுவும் உயிரோடு இல்லை. வெள்ளை அணுக்கள் ரத்தம் வழியாகத்தான் வர வேண்டும், ஊசியில் ஏற்றும் மருந்தும் ரத்தம் வழியாகத்தான் வர வேண்டும். இரண்டுக்குமே அங்கே பாதை இல்லை.

நெருப்பின் சூட்டில் முதலில் அந்த இடம் ஏறக்குறைய கிருமி இல்லாமல்தான் இருக்கும். முடிக்கால்களின் அடியிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் பதுங்கித் தப்பித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள் இரண்டு நாளுக்குள் மேலே வருகின்றன. ஐந்து, ஏழு நாள் ஆகும்போது சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் போன்றவை இடம் பிடிக்கின்றன. இவை நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தும் வரும், வார்டின் குழாய், வாளி, துடைப்பத் துணி, தொட்ட கை ஆகியவற்றிலிருந்தும் வரும். சூடோமோனாஸுக்கு ஈரம் இருந்தால் போதும், வேறு எதுவும் அதிகம் வேண்டாம். கட்டைப் பிரிக்கும்போது பச்சை நிறச் சீழும் ஒரு மாதிரி தித்திப்பு வாடையும் வந்தால் அனுபவமுள்ள நர்ஸ் முகம் சுருங்கும். பூஞ்சை இன்னும் பிறகு வரும், பெரும்பாலும் ஏற்கெனவே பலவகை ஆன்டிபயாட்டிக் ஏற்றிய உடம்பில்.

இதுவரை சொன்னது கதவு உடைந்த கதை. கதவு உடைந்ததனால் மட்டும் இத்தனை பேர் சாக வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் படை சரியாக இருந்தால் சமாளிக்கலாம்.

உள்ளே அடிக்கும் அபாய மணி

நம் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, ஆதிகாலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வாரிசு. செல்லுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தீயில் கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது அவற்றின் மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள், அதன் டி.என்.ஏ., இன்னும் பல உட்பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. வெள்ளை அணுக்களுக்கு அது பாக்டீரியா போலவே தெரிகிறது. கிருமி ஒன்றுகூட நுழையாத அந்த முதல் மணி நேரத்திலேயே, உடம்பெங்கும் கிருமி நுழைந்துவிட்டதாக மணி அடிக்கிறது. இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சித் தூதுப் புரதங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன.

ஒரு சின்ன முள் குத்தினால் இதே மணி அந்த விரலில் மட்டும் அடிக்கும். விரல் சிவக்கும், வீங்கும், சரியாகும். பெரிய தீக்காயத்தில் வெந்த இடம், வேகாத இடம் என்ற வித்தியாசம் இல்லாமல் எங்கும் அழற்சி. நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓட்டையாகி ரத்தத்தின் நீரும் புரதமும் தசைகளுக்குள் கசிகின்றன. முகம் அடையாளம் தெரியாமல் வீங்குவது இதனால்தான். அந்தக் கசிவோடு இம்யூனோகுளோபுலின்களும், அதாவது முன்பு வந்த நோய்களுக்கும் போட்ட தடுப்பூசிகளுக்கும் உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களும், புண் வழியாக ஒழுகிப் போய்விடுகின்றன. ஒவ்வொரு முறை நனைந்த கட்டை மாற்றும்போதும் அதில் கொஞ்சம் வெளியே போகிறது.

ஒரு காலத்தில் பெரும்பாலோர் இந்தக் கசிவிலேயே, முதல் இரண்டு நாளுக்குள், இறந்துபோனார்கள். பாஸ்டனில் 1942 நவம்பர் 28 அன்று கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்த பிறகு, அங்கே பிழைத்தவர்களுக்குச் செய்த சிகிச்சையிலிருந்து நரம்பு வழியாக எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்ற அறிவு வளர்ந்தது. இன்று பரவலாகத் தெரிந்த பார்க்லாண்ட் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 9.6 லிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும், அதுவும் தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணி. வேதாரண்யத்தில் தீப்பட்டு, அங்கே இங்கே அலைந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் டிரிப் ஏற்றுவது என்றால் அந்த எட்டு மணி நேரத்தில் பாதி ரோட்டிலேயே போயிருக்கும். பக்கத்து அரசு மருத்துவமனையில் ஊசியைக் குத்தித் திரவத்தைத் தொடங்கிவிட்டு அனுப்பச் சொல்வது இதற்குத்தான். இதில் தாமதமானால் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறையும். அதன் பலனை எதிர்ப்புச் சக்தி அடுத்த வாரம் அனுபவிக்கும்.

திரவக் கணக்கு தெரிந்த பிறகு மனிதர்கள் முதல் இரண்டு நாளைத் தாண்டிப் பிழைக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது வாரம் என்ற பிரச்சினையே அப்போதுதான் பெரிதாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரே நேரத்தில் அதிகமும் குறைவும்

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது ஒரு இடத்தில் கரை உடைந்துவிட்டது என்று சத்தம் போட்டால், சுற்றுவட்டார ஆட்கள் எல்லோரும் மணல் மூட்டையோடு அங்கே ஓடுகிறார்கள். மற்ற இடங்களில் கரையைப் பார்க்க ஆள் இல்லை. ஓடிவந்தவர்களும் களைத்துப்போன பிறகு இன்னொரு இடத்தில் உடைப்பு எடுக்கிறது. தீக்காயத்தில் நடப்பது ஏறக்குறைய இப்படித்தான்.

முதலில் அதிக அழற்சி, அது ஓய்ந்த பின் எதிர்ப்புக் குறைவு என்று இரண்டு கட்டமாக முன்பு பாடம் சொன்னார்கள். இப்போது தெரிந்தது வேறு: இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்குகின்றன. அழற்சியைக் கூட்டும் புரதங்கள் ஏறும்போதே அதை அடக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவையும் ஏறுகின்றன. உடம்பு தன்னையே எரித்துக்கொள்ளாமல் இருக்கப் போடும் பிரேக் அது. தப்பில்லை. ஆனால் காயம் பெரிதாக இருந்தால் பிரேக் போட்டபடியே நின்றுவிடுகிறது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இது நேராகத் தெரியாது. வெள்ளை அணு எண்ணிக்கை ஏறியிருக்கும். கூட இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு "அணு கூடியிருக்கு, நல்லதுதானே" என்று கேட்பார்கள். கூடியிருப்பவை பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள், அதாவது கிருமியை விழுங்க முதலில் ஓடும் வெள்ளை அணுக்கள், அதிலும் எலும்பு மஜ்ஜை அவசரத்தில் வெளியே தள்ளிய முதிராதவை. கிருமி இருக்கும் பக்கம் நகர்ந்து போவது, அதை விழுங்குவது, விழுங்கிய பின் உள்ளே கொல்வது ஆகிய மூன்று வேலையிலும் இவை மந்தம். போக வேண்டிய புண்ணுக்குப் போகாமல் நுரையீரலில் போய்ச் சிக்கி, அங்கே நல்ல திசுவைக் கெடுக்கவும் செய்கின்றன. மஜ்ஜை இவற்றைத் தயாரிப்பதிலேயே முனைந்துவிடுவதால் சிவப்பணு உற்பத்தி படுக்கிறது. ரத்தம் போகாமலேயே ரத்தசோகை வருவதற்கு ஒரு காரணம் இது.

மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கு செல்களுக்கு இன்னொரு வேலை உண்டு. விழுங்கிய கிருமியின் ஒரு துண்டைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்தி, எதிரியை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குக் காட்ட வேண்டும். அந்தத் துண்டை ஏந்தும் ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற புரதம் கடுமையான தீக்காயத்தில் குறைந்துவிடுகிறது. அது குறைந்தே இருந்து ஏறவில்லையென்றால் செப்சிஸ் வரப்போகிறது என்று பயப்பட வேண்டும். மேக்ரோஃபேஜ்கள் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளை அதிகமாகச் சுரந்து டி செல்களை அமுக்கவும் செய்கின்றன. டி செல்கள் எண்ணிக்கையிலும் குறைகின்றன. மிஞ்சியவை பெருகுவதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-2 குறைகிறது. டி செல்களில், செல்லுக்குள் ஒளிந்த எதிரியைத் தாக்க உதவும் டி.ஹெச்.1 வகையிலிருந்து, அந்த வேலைக்கு அவ்வளவாக உதவாத டி.ஹெச்.2 வகை பக்கம் சாய்வு ஏற்படுகிறது. பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஹெர்பிஸ், சைட்டோமெகலோ வைரஸ்கள் தீக்காய நோயாளிகளுக்கு மறுபடி கிளம்புவது இந்தச் சாய்வுக்குச் சாட்சி. ஆறிவரும் புண்ணில் திடீரென்று கொப்புளம் கண்டால் அதற்கு வைரஸும் காரணமாக இருக்கலாம்.

இதற்கு நடுவில் மன அழுத்தச் சுரப்புகளான அட்ரினலினும் கார்ட்டிசாலும் வாரக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். கார்ட்டிசால் டி செல்களைச் சாகடிக்கும், சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம். தீமிதியில் காலைச் சுட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வெந்த பரப்பு ஒரு சதவீதம்கூட இருக்காது. ஆனால் பாதத்தில் உணர்ச்சி மங்கியதால் அவருக்குச் சுட்டதே தாமதமாகத்தான் தெரிகிறது. பிறகு ரத்த ஓட்டமும் வெள்ளை அணுவும் இரண்டுமே கைவிடுகின்றன. வேண்டுதலை யாரும் தடுக்க முடியாது. காப்பு கட்டும்போதே காலையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

புகை உள்ளே போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூச்சுக்குழாயில் அழுக்கை மேலே தள்ளும் நுண்ணிய முடிகள் கருகிவிடுகின்றன, சளி உள்ளேயே தேங்குகிறது, நிமோனியா வருகிறது. ஓலைக் கூரை, சாக்கு, பிளாஸ்டிக் எரியும் மூடிய இடங்களில் இதுதான் நடக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7 அன்று யாகசாலைப் பந்தல் எரிந்தது, கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனது இரண்டையும் இந்தப் பகுதி மறக்கவில்லை. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. எதிர்ப்புச் சக்தி பற்றி இங்கே எழுதிக்கொண்டிருப்பதையெல்லாம்விட அந்த உத்தரவு அதிக உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

தோலைக் கொடுத்த சகோதரன்

எதிர்ப்புச் சக்தி படுத்துவிடுகிறது என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விலங்கியல் ஆராய்ச்சியாளர் பீட்டர் மெடவாரும் அறுவை மருத்துவர் டாம் கிப்சனும் கிளாஸ்கோ மருத்துவமனையில், தீயில் வெந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரனின் தோலை ஒட்டினார்கள். தோல் முதலில் ஒட்டியது, பிறகு உதிர்ந்தது. இரண்டாம் முறை ஒட்டியது இன்னும் சீக்கிரமாக உதிர்ந்தது. அந்நியத் தோலை விரட்டுவது எதிர்ப்புச் சக்திதான், அதற்கு ஞாபகமும் உண்டு என்று 1943-இல் எழுதினார்கள். இன்று சிறுநீரகம், கல்லீரல் மாற்றும் துறையின் வேர் அந்தத் தீக்காயப் படுக்கையில் இருக்கிறது. மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிற்பாடு மருத்துவர்கள் கவனித்த விஷயம்: பரப்பு அதிகமாக வெந்தவர்களுக்கு அடுத்தவர் தோல் வழக்கத்தைவிட அதிக நாள் உதிராமல் நிற்கிறது. விரட்ட உடம்புக்குத் தெம்பில்லை. கெட்டதில் ஒரு நல்லது என்று இதையே சிகிச்சையில் பயன்படுத்துகிறார்கள். இறந்தவர் கொடுத்த தோலைப் புண்ணின் மேல் போர்த்தினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கசிவு நிற்கும், கிருமி நுழையாது, வலி குறையும். அதற்குள் நோயாளியின் சொந்தத் தோலைத் தொடையிலிருந்து எடுத்துப் படிப்படியாக ஒட்டலாம்.

கண் தானம் இங்கே எல்லா ஊருக்கும் தெரியும், உறுப்பு தானத்திலும் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. தோல் தானம் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். உடம்பை உரித்துவிடுவார்கள் என்ற பயம். எடுப்பது கால், தொடை, முதுகிலிருந்து மேலாக மெல்லிய ஒரு அடுக்கு மட்டுமே. ரத்தம் கொட்டாது, முகத்தைத் தொட மாட்டார்கள், ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை. பொதுவாக இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கிளிசராலில் போட்டுக் குளிர்ப்பதனத்தில் வருடக்கணக்கில் வைக்கலாம்.

தோலைப் போர்த்துவதற்கு முன் வெந்த எஸ்காரை எடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் அது தானே அழுகிக் கழன்று விழும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரத்தில் சோரா யான்செகோவிச் என்ற பெண் அறுவை மருத்துவர், முதல் சில நாளிலேயே செத்த அடுக்கை மெல்லிய சீவலாகச் சீவி எடுத்து, ரத்தம் கசியும் உயிருள்ள அடுக்கு வந்ததும் அங்கேயே தோலை ஒட்டினார். 1970-இல் அவர் அதை வெளியிட்ட பிறகு உலகமே மெல்ல அந்த வழிக்கு வந்தது. கிருமிக்குச் சாப்பாடு போய்விடுகிறது, அபாய மணி அடிக்கும் பொருளும் போய்விடுகிறது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் செய்ய முடியாததைக் கத்தி செய்கிறது.

ஆன்டிபயாட்டிக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "நல்ல பவர்ஃபுல்லா ஊசி போடுங்க சார், காசு பத்திக் கவலை இல்லை" என்று முதல் நாளே கேட்பவர்கள் உண்டு. தொற்று வரும் முன்னரே ரத்தத்தில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக் பெரிய தீக்காயத்தில் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. எஸ்காருக்குள் அது போகாது. உடம்பில் உள்ள சாதுவான கிருமிகளைக் கொன்று, முரட்டுக் கிருமிக்கு இடம் காலி செய்து கொடுக்கும். முதல் நாட்களில் புண்ணின் மேல் தடவும் வெள்ளி சேர்ந்த மருந்துதான் பயன். டாக்டர் ஊசி போடவில்லை என்றால் அலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது.

குடலும் பத்தியமும்

எதிர்ப்புச் சக்தி எதை வைத்து ஓடும்? சோற்றை வைத்துத்தான். 40 சதவீதத்துக்கு மேல் வெந்தவருக்கு, படுத்தே இருந்தாலும், உடம்பு செலவழிக்கும் சக்தி இயல்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு வரை போகும். போதிய உணவு இல்லையென்றால் உடம்பு தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வெள்ளை அணுக்களும் குடலின் உட்சுவரும் விரும்பித் தின்னும் குளூட்டமின் தசையில்தான் சேமிப்பாக இருக்கிறது. கொழுப்பு நீங்கிய உடல் எடையில் 10 சதவீதம் போனால் தொற்று கூடும், 20 சதவீதத்தில் புண் ஆறுவது நிற்கும், 30-இல் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் வரும், 40-ஐ எட்டினால் உயிர் மிஞ்சாது என்பது பொதுவான கணக்கு.

குடல் இதில் தனிக் கதை. தீப்பட்டதும் உடம்பு குடலுக்குப் போகும் ரத்தத்தை வெட்டி மூளைக்கும் இதயத்துக்கும் திருப்புகிறது. குடலின் உட்சுவர் மெலிந்து, உள்ளே இருக்கும் கிருமிகளும் அவற்றின் நச்சும் ரத்தத்துக்குக் கசியத் தொடங்குகின்றன. அதைத் தடுக்க நல்ல வழி குடலுக்கு வேலை கொடுப்பது. முதல் நாளே மூக்குக் குழாய் வழியாகச் சிறிது சிறிதாக உணவு கொடுக்கத் தொடங்குவதைப் பார்த்து "ஐயோ, இந்த நிலைமையில சாப்பாடா" என்று பதறுகிறார்கள். அது சாப்பாடு மட்டுமில்லை, குடல் சுவருக்கு மருந்து.

இங்கேதான் நம் ஊர்ப் பத்தியம் குறுக்கே வருகிறது. புண் இருந்தால் முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு சீழ் வைக்கும் என்று அரிசிக் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுப்பார்கள். சின்ன வெட்டுக் காயத்துக்கு அதனால் ஒன்றும் குடி முழுகாது. 30 சதவீதம் வெந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை முதல் 2 கிராம் புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 75 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. கஞ்சியில் எவ்வளவு தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து தினம் மீன் வரும் ஊர்களில், பத்தியம் என்ற பெயரில் நோயாளி பட்டினி கிடப்பதைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது. ஆச்சியிடம் சண்டை போட வேண்டாம். டாக்டரை விட்டே அவர் காதில் படும்படி சொல்லச் சொன்னால் போதும், கேட்டுக்கொள்வார்.

இதே காரணத்தால்தான் தீக்காய அறையை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள், 28 முதல் 32 டிகிரி வரை. தோல் இல்லாத உடம்பு சூட்டை ஒழுகவிடுகிறது. குளிர்ந்தால் அதைச் சூடாக்க மேலும் தசை கரைகிறது. எரிச்சலாக இருக்குமே என்று ஏ.சி.யைக் கூட்டச் சொல்லாதீர்கள்.

காய்ச்சலும் குழப்பும். தொற்றே இல்லாமல் இவர்களுக்கு 38 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும், நாடி வேகமாக ஓடும், வெள்ளை அணு கூடும். வழக்கமாகச் செப்சிஸுக்குச் சொல்லும் அடையாளம் எல்லாம் முதல் நாளிலிருந்தே இருப்பதால், உண்மையில் அது வரும்போது கண்டுபிடிப்பது கஷ்டம். மருத்துவர்கள் வேறு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: குழாயில் கொடுத்த உணவு திடீரென்று செரிக்காமல் தங்குவது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறுவது, பிளேட்லெட் இறங்குவது, தெளிவாகப் பேசியவர் பிதற்றுவது, புண்ணின் நிறம் ஒரே இரவில் மாறுவது. சூடு கூடுவதற்குப் பதிலாகச் சட்டென்று குறைந்து உடம்பு சில்லிடுவது இன்னும் கெட்ட அறிகுறி. துணைக்கு இருப்பவர் பேச்சில் மாற்றத்தை முதலில் கவனிப்பார். அதை உடனே நர்ஸிடம் சொல்வது பெரிய உதவி. திருநீறு பூச வந்த பதினைந்து பேர் கட்டிலைச் சுற்றி நிற்பது உதவியே கிடையாது.

முதலுதவி பற்றிச் சுருக்கமாக. தீயை அணைக்கக் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றுங்கள், வாய்க்கால் தண்ணீரானாலும் சரி. அணைந்த பின் குழாய்த் தண்ணீரோ பம்ப்செட் தண்ணீரோ 20 நிமிடம் ஓடவிட வேண்டும். மூன்று மணி நேரம் வரை இதனால் பயன் உண்டு. ஐஸ் வேண்டாம். பரப்பு பெரிதாக இருந்தால், குழந்தையாக இருந்தால், உடம்பு சில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்க், பேஸ்ட், இட்லி மாவு, சாணி, சாம்பல் எதுவும் கூடாது. காயத்தின் ஆழம் தெரியாமல் போகும், கிருமியை நாமே விதைத்தது போல ஆகும். சாணியிலும் மண்ணிலும் டெட்டனஸ் வித்துகளும் இருக்கும். டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டியால் தளர்வாக மூடி 108-இல் ஏற்றுங்கள்.

வாழையிலையைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்துவது டெல்டாவில் வெகுநாள் வழக்கம், அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. இலை புண்ணில் ஒட்டாது, ஈரத்தைக் காக்கும், பிரிக்கும்போது வலிக்காது. மும்பையில் மருத்துவர்கள் அதைக் கட்டுக்கான பொருளாகவே ஆராய்ந்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கிய இலை. கொல்லையிலிருந்து அப்போதுதான் அறுத்து வந்த இலையில் மண்ணும் பறவை எச்சமும் நீரில் வாழும் கிருமியும் இருக்கும். நன்றாக இருக்கும் உடம்பு அதைப் பொருட்படுத்தாது, தோல் இழந்த உடம்புக்கு அந்தச் சொகுசு இல்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கதை முடிவதில்லை. உடம்பின் அதிகச் செலவு இரண்டு, மூன்று வருடம்வரை நீடிப்பதை அளந்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் தீக்காயம் பட்டவர்களின் பல வருட மருத்துவமனைப் பதிவுகளை மற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, சிறு வயதில் வெந்தவர்கள் பிற்காலத்தில் தொற்று நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது அதிகமாக இருந்தது. காயம் பெரிதாக இல்லாதவர்களிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இதய நோய், சர்க்கரை பக்கமும் இதே போக்கு. ஆனால் நம்மிடம் தீக்காயம் ஆறியவருக்குத் தொடர் சிகிச்சை என்றால் தழும்பு, சுருங்கிய கழுத்து, மடங்கிய விரல், அவற்றுக்கான அறுவை, பயிற்சி, அவ்வளவோடு நின்றுவிடுகிறது. காய்ச்சலுக்கோ சளிக்கோ போகும்போது சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்பார்கள். பல வருடத்துக்கு முன் பட்ட தீக்காயத்தைச் சட்டை மறைத்திருக்கும். எத்தனை சதவீதம், எந்த வருடம் என்று நோயாளியே சொல்லி ஓ.பி. சீட்டில் எழுத வைத்தால், நிமோனியாவா சாதாரணச் சளியா என்று பார்ப்பவர் கொஞ்சம் சீக்கிரமாகவே ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுப்பார்.